இரண்டாவது தட்டு: என் கடை மீது நானே தரும் புகார்

அனுப்புநர்
அரிமுரா ஹிசாயோ (வயது 63),
உரிமையாளர், அரிமுரா கோழிக்கடை,
ஹமாகாமி தெரு, இசோதே,
ககோஷிமா மாகாணம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள் (மருத்துவர் ஹிகாஷி நோரிஹிசா),
பொதுச் சுகாதார நிலையம்,
இசோதே.

பொருள்: என் கடையில் அக்டோபர் 12 அன்று விற்ற பச்சைக் கோழித் தட்டினால் திரு. குகிதா மசாதோவின் கைகால்கள் செயலிழந்தமை – உணவு நச்சுப் பாதிப்பாகப் பதிவு செய்யவும், என் கடைக்குத் தடை ஆணை பிறப்பிக்கவும், வீண்பழி சுமக்கும் செவிலியர் திருமதி இவாகிரி சிஸுருவை அதிலிருந்து விடுவிக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் நிலையத்தின் நவம்பர் 21 தேதியிட்ட கடிதம் (“தொடர்பு உறுதிப்படவில்லை”).

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிலையத்துக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் அடுத்தவர் கடையைப் பற்றியவை. அவற்றில் இரண்டை நானே எழுதியிருக்கிறேன். துறைமுகச் சாலை மீன்கடையின் சாக்கடையைப் பற்றி நான் எழுதியபோது ஒன்பதே நாளில் ஆள் அனுப்பினீர்கள். இந்த மனு என் சொந்தக் கடையைப் பற்றியது. கடந்த ஒரு மாதத்தில் இதையே தங்கள் அலுவலரிடம் நேரில் ஒரு முறையும் தொலைபேசியில் இரண்டு முறையும் சொன்னேன். மூன்று முறையும் என்னைத் தேற்றி அனுப்பினார்கள். எனக்குத் தேறுதல் வேண்டாம். எழுத்தில் தந்த மனுவுக்கு எழுத்தில் பதில் தரப்படும் என்று தங்கள் வாசல் பலகையில் இருப்பதால் எழுத்தில் தருகிறேன்.

2. நான் இசோதேயில் இருபத்தேழு வருடமாகத் தோரிசாஷி விற்கிறேன். தாங்களும் இந்த ஊரில் பிறந்தவர்தான், ஆனாலும் மனு என்பதால் முறைப்படி சொல்கிறேன்: கோழியின் தோலைத் தீயில் வாட்டி, உள்ளே பச்சையாகவே விட்டு, மெல்லிய துண்டுகளாக அரிந்து, இனிப்புச் சோயாவும் பூண்டும் தொட்டுச் சாப்பிடுவது. கல்யாணமோ, புத்தாண்டோ, பள்ளி விளையாட்டு விழாவோ, இந்தத் தட்டு வந்தால்தான் இங்கே விருந்து தொடங்கும். இதற்கு நம் மாகாணம் விதிகள் வகுத்திருக்கிறது. பச்சையாக உண்ணும் கோழியைத் தனியாக வாங்கித் தனியாக வைக்க வேண்டும். காலையில் அதைத்தான் முதலில் அரிய வேண்டும். அந்த வேலை முழுதும் முடிந்த பிறகே, சமைத்து உண்பதற்கான சாதாரணக் கோழியைத் தொட வேண்டும். பலகை, கத்தி, கையுறை எல்லாம் தனித்தனி. தோலை நன்றாகக் கருக வாட்ட வேண்டும். இந்த விதிகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும். கீழே நான் ஒப்புக்கொள்வது தெரியாமல் செய்த தவறு அல்ல.

3. அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, தொடக்கப் பள்ளி விளையாட்டு விழா. முப்பத்து நான்கு தட்டுகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். காலை ஒன்பதுக்குள் முப்பத்து நான்கையும் விதிப்படி முடித்தேன். பிறகு சாதாரணக் கோழிகளைத் தொட்டியில் கொட்டிக் குடல் எடுக்கத் தொடங்கினேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மசாதோ வந்தார். நாற்பத்து நான்கு வயது, தேயிலைத் தோட்டத்தில் இலை வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர், மேலே வேலை, கீழே வீடு, நடுவில் என் கடை. காலையிலேயே ஒரு பெரிய தட்டு வாங்கிப் போயிருந்தார். அப்பாக்கள் தொடர் ஓட்டத்தில் அவருடைய அணி முதலிடம் வந்துவிட்டதாம். காலில் செருப்பில்லை, முழங்கால் முழுக்கப் புழுதி. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

“அக்கா, கடைசி ஆளா ஓடி ரெண்டு பேரை முந்திட்டேன்! இன்னொரு தட்டு போடுங்க, சின்னதாப் போதும். தோலைக் கரியாக்கிடாதீங்க, லேசா ஒரு வாட்டு வாட்டுங்க, எனக்குப் பிடிச்ச மாதிரி.”

தனியாக வைத்திருந்த கோழிகள் தீர்ந்துவிட்டன என்று சொன்னேன். “உங்க கை பட்டா எந்தக் கோழியும் நல்ல கோழிதான்” என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இளித்துக்கொண்டு நின்றேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன். சாதாரணக் கோழித் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். கத்தியை மாற்றினேன், கையுறையை மாற்றவில்லை. தோலை அவர் கேட்ட மாதிரியே லேசாக வாட்டினேன். அதுதான் இரண்டாவது தட்டு.

4. அன்று மாலை குகிதா வீட்டில் ஒன்பது பேர் கூடினார்கள். முதல் தட்டை ஒன்பது பேரும் சாப்பிட்டார்கள். இரண்டாவது தட்டை மசாதோவும் அவர் மனைவி நனாஎயின் தம்பி தகெஹிரோவும் மட்டும் ஷோச்சு மதுவோடு முடித்தார்கள். அக்டோபர் 15 அன்று மசாதோவுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் சரியாகி வேலைக்குப் போய்விட்டார். 21ஆம் தேதி சமூகக் கூடத்தில் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். போட்டவர் செவிலியர் சிஸுரு. 25ஆம் தேதி இரண்டு பாதமும் மரத்துக் கூசத் தொடங்கியது. 27ஆம் தேதி காலை இயந்திரத்தின் படியில் ஏறக் காலைத் தூக்கினார், கால் வரவில்லை. 28 அன்று மருத்துவமனை. 30 அன்று மூச்சுக் குழாய். தொடர் ஓட்டத்தில் ஓடிப் பதினெட்டு நாளில், அந்த மனிதரால் கண்ணிமையைத் தவிர வேறெதையும் அசைக்க முடியவில்லை.

5. ஊர் உடனே காரணம் கண்டுபிடித்தது: ஊசி. ஊசி போட்டது 21, கால் மரத்தது 25, கணக்கு முடிந்தது. என் கடை மேடைக்கு முன்னால் நின்றுதான் இதைப் பேசினார்கள்.

“அந்தச் சிஸுரு கைல ஊசி வாங்காதீங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்.”

“மூஞ்சியப் பார்த்தாலே தெரியல? சிரிக்கவே மாட்டா. அவ கிட்டப் போய் யார் கைய நீட்டுவா?”

“நல்லா மலை மாதிரி இருந்த மனுஷன்!”

நான் “அப்படியா” என்றேன். “ஐயோ பாவம்” என்றேன். கோழியை நிறுத்துக் கொடுத்தேன். அப்போது எனக்கு நோயின் காரணம் தெரியாது என்பது உண்மை. அந்தப் பேச்சு எனக்கு இனித்தது என்பதும் உண்மை. ஏன் என்றால், இந்தச் சிஸுரு பதினொரு வருடமாக ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சமூகக் கூடப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்: குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியோரும் பச்சைக் கோழி சாப்பிட வேண்டாம், மற்றவர்களும் யோசித்துச் சாப்பிடுங்கள் என்று. பதினொரு வருடமாக ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நான் அதைக் கிழித்துவிடுவேன். இரண்டு பேருக்கும் அது தெரியும். தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

6. நவம்பர் 6 அன்று அந்தச் சிஸுரு முதல் முறையாக என் கடைக்குள் வந்தார். கண் வீங்கியிருந்தது. கேட்டது இதுதான்: “அக்கா, விழா அன்னைக்கு மசாதோ வீட்டுக்கு உங்க தட்டு போச்சா? அவருக்கு அதுக்கப்புறம் வயிறு போச்சுன்னு நனாஎ சொல்றா. நான் சண்டைக்கு வரலை. எனக்குத் தெரிஞ்சாகணும். என் கையால போட்ட ஊசி. நைட்டு தூங்க முடியலை.”

நான் சொன்ன பதில்: “ஊரே என் தட்டைத்தான் சாப்பிடுது. ஊசி போட்டது நீ ஒருத்திதான்.”

தங்கள் நிலையத்தின் மீது எனக்குள்ள கோபம் பெரியது. அதைக் கீழே எழுதுகிறேன். என் மீது எனக்குள்ள கோபத்தை எழுதப் படிவம் எதுவும் இல்லாததால் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

7. நவம்பர் 8 அன்று மசாதோவைப் பார்க்க மாகாணத் தலைநகரின் மருத்துவமனைக்குப் போனேன். நரம்பு மருத்துவர், முப்பது வயதுகூட இருக்காது, என்னை மசாதோவின் அக்கா என்று நினைத்துக்கொண்டு, “நோய் வர்றதுக்கு முந்தி வயிறு ஏதாவது சரியில்லாம இருந்துச்சா? பச்சைக் கோழி சாப்பிட்டாரா?” என்று கேட்டார். நான் திடுக்கிட்டு, அதற்கும் இதற்கும் என்ன என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நோயின் பெயர் கில்லன்-பாரே. கோழியின் குடலில் வாழும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி மனிதர் வயிற்றுக்குள் போனால் உடம்பு அதை எதிர்த்துப் போராடி விரட்டிவிடுகிறது. ஆனால் அந்தக் கிருமியின் மேற்பூச்சும் நம் நரம்பின் மேற்பூச்சும் சில பேருக்கு அச்சாக ஒன்றுபோல இருந்துவிடுகின்றன. திருடனைத் துரத்திய ஊர்க்காரர்கள், திருடன் ஓடிப்போன பிறகு, அதே நிறச் சட்டை போட்டவனைப் பிடித்து அடிப்பது மாதிரி, உடம்பின் காவல் தன் நரம்பையே அடிக்கத் தொடங்கிவிடுகிறது. அடி விழ ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதற்குள் வயிற்று வலியை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இந்தக் கிருமியால் வயிறு கெட்ட ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படி ஆகும் என்றார். ஊசியா என்று கேட்டேன். ஊசிக்குப் பின் இந்த நோய் வருவது மிக மிக அரிது என்றும், இவருடைய இரத்தத்தில் இந்தக் கிருமியை எதிர்த்த தடயமும் நரம்பை எதிர்க்கும் தடயமும் சேர்ந்தே இருப்பதால் தன் சந்தேகம் முழுதும் கோழி மேல்தான் என்றும் சொன்னார். அவருடைய கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மசாதோ படுத்திருந்தார். நான் அழவில்லை. அழுதால் அந்த மருத்துவர் எனக்கும் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருப்பார்.

8. நவம்பர் 10 அன்று தங்கள் ஆய்வாளர் திரு. தபாரு என் கடைக்கு வந்தார். முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அலுவலர் வருகிறார் என்றால் என் கை தானாகத் தேய்க்கத் தொடங்கிவிடும். இருபத்தேழு வருடப் பழக்கம். அன்று அவர் எடுத்துச்சென்ற கோழியின் தோலை நான் அடுப்புக்கரி மாதிரி வாட்டி வைத்திருந்தேன். அதில் கிருமி உயிரோடு இருந்திருந்தால் அதற்குப் பரிசு கொடுக்க வேண்டும். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். அக்டோபர் 12ஆம் தேதிப் பக்கத்தில் “பச்சைக் கோழி முதலில், சாதாரணக் கோழி பிறகு, கையுறை மாற்றப்பட்டது” என்று அழகாக எழுதியிருந்தது. அழகாக இருந்ததற்குக் காரணம், அதை நான் 11ஆம் தேதி மாலை, வேலை ஓய்ந்த நேரத்தில், மறுநாளுக்கும் சேர்த்து எழுதி வைத்ததுதான். இந்த ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறோம். திரு. தபாரு சொன்னார்:

“அம்மா, இந்தப் பதிவேட்டை மத்த கடைக்காரங்களுக்கெல்லாம் காட்டணும். என்னா சுத்தம்!”

நான் அவரை உட்காரவைத்து, மேலே மூன்றாம் பத்தியில் எழுதியதை முழுதும் சொன்னேன். தொட்டி, கையுறை, தோல், எதையும் விடவில்லை. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “ஏம்மா நீங்களே போட்டுக் குழப்பிக்கிறீங்க? இதுக்கெல்லாம் படிவத்துல இடமே இல்லை. ஊசி விஷயத்தை வேற துறை பாத்துக்கும். நீங்க நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க” என்றார். போகும்போது வறுத்த கோழி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

9. நவம்பர் 21 தேதியிட்ட கடிதத்தில் தாங்கள் மூன்று காரணம் காட்டி “தொடர்பு உறுதிப்படவில்லை” என்று முடித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் தருகிறேன்.

(அ) “நோயாளியின் மலத்தில் கிருமி இல்லை.” அந்தப் பரிசோதனை அக்டோபர் 29 அன்று, தட்டு சாப்பிட்டுப் பதினேழு நாள் கழித்துச் செய்யப்பட்டது. கிருமி வந்தது, அடித்தது, போய்விட்டது. வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைத்த பிறகு வந்து திருடனின் காலடித் தடம் காணவில்லை, ஆகவே திருட்டே நடக்கவில்லை என்று காவல் நிலையத்தில்கூட எழுதமாட்டார்கள். தாங்கள் மருத்துவம் படித்தவர். இந்த நோயில் கிருமி போன பிறகுதான் கால் போகும் என்று ஒரு கோழிக்கடைக்காரிக்கு விளங்கியது தங்களுக்கு விளங்காமல் இருக்காது.

(ஆ) “கடையில் எடுத்த மாதிரியில் கிருமி இல்லை.” மசாதோ சாப்பிட்ட கோழியைத் தாங்கள் பரிசோதிக்கவில்லை. அது அக்டோபர் 12 அன்றே தீர்ந்துவிட்டது. தாங்கள் பரிசோதித்தது, தாங்கள் வருவதை அறிந்து காத்திருந்த கோழியை.

(இ) “பாதிக்கப்பட்டவர் ஒருவரே, உடன் உண்ட எண்மரும் நலம்.” இதுதான் என்னை எழுதவைத்த வரி. தங்கள் அலுவலகம் குகிதா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, “வேற யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?” என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறது. யாரும் போகவில்லை. “வேறு யாருக்காவது வயிறு கெட்டதா, எந்தத் தட்டை யார் சாப்பிட்டார்கள்” என்று கேட்கவில்லை. நான் போய்க் கேட்டேன். தகெஹிரோ சரக்கு வண்டி ஓட்டுபவர், ஆறடி ஆள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமாக்கா. எனக்கும் ரெண்டு நாள் பிச்சிக்கிச்சு. வழில நாலு இடத்துல வண்டிய நிறுத்தினேன். யார் கிட்டயும் சொல்லலை. கோழி தின்னு வயிறு போச்சுன்னு சொன்னா, நீயெல்லாம் இந்த ஊர்க்காரனான்னு சிரிப்பானுங்க. மச்சான் இப்படிப் படுத்துட்டாரு. நான் அன்னைக்கே வாயைத் திறந்திருந்தா…”

ஆகவே, முதல் தட்டை மட்டும் உண்ட ஏழு பேரும் நலம். இரண்டாவது தட்டை உண்ட இருவருக்கும் ஒரே வாரத்தில் வயிறு கெட்டது. அதில் ஒருவருக்கு நரம்பு போயிற்று. தகெஹிரோ கையெழுத்திட்ட வாக்குமூலம் இணைத்திருக்கிறேன். ஒருவர் இருவராகிவிட்டார். இனி என்ன காரணம் சொல்வீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

10. கோழியோடு தொடர்பு உறுதிப்படவில்லை என்று தங்கள் கடிதம் சொன்ன மறுநாளே, அப்படியானால் ஊசிதான் என்று ஊர் உறுதிசெய்துகொண்டது. தாங்கள் அப்படி எழுதவில்லை என்பீர்கள். எழுதாமல் விட்ட இடத்தில் ஊர் எழுதிக்கொள்ளும் என்பது தங்களுக்குத் தெரியாதா? சமூகக் கூடத்தின் இரண்டாம் சுற்றுத் தடுப்பூசிக்குப் பதிந்திருந்த நூற்று நாற்பது பேரில் வந்தவர் முப்பத்தொருவர். முதியோர் இல்லத்தில் பதினேழு பேர் கையை நீட்ட மறுத்துவிட்டார்கள். குளிர் வந்துவிட்டது. ஊராட்சி அலுவலகம் சிஸுருவின் பெயரைப் பணிப்பட்டியலிலிருந்து “சிறிது காலத்துக்கு” எடுத்துவிட்டது. அவருடைய சைக்கிள் சக்கரத்தில் யாரோ ஊசியால் குத்தியிருந்தார்கள். வேண்டுமென்றே ஊசியால். அவர் ஜனவரியில் ஊரைவிட்டுப் போய் மியாகோனோஜோவில் இருக்கும் தன் அக்கா வீட்டில் தங்கப்போகிறார்.

நவம்பர் 23 அன்று அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மண்டியிட்டேன். அவர் என்னைத் தூக்கிவிடவில்லை, அதற்கு நன்றி. கடைசியில், “ஊர்ல சொல்லுங்க. என் கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

11. ஊரில் சொன்னேன் ஐயா. அதுதான் வேடிக்கை. யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள். கடை மேடையில் நின்று நான்தான் காரணம் என்றேன். “ஹிசாயோ அக்காவுக்கு மனசு வெண்ணெய்” என்றார்கள். நனாஎவிடம் சொன்னேன். புருஷன் மூச்சுக் குழாயோடு படுத்திருக்க, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா. எங்க கல்யாணத்துக்கே உங்க தட்டுதான்” என்று எனக்கு ஆறுதல் சொல்லி, ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தனுப்பினார். அந்த ஆரஞ்சு என் சமையலறையில் அழுகிக்கொண்டிருக்கிறது. சிரிக்காத செவிலியரை நம்பமாட்டார்கள், சிரிக்கும் கோழிக்கடைக்காரியைச் சந்தேகப்படமாட்டார்கள். இவர்களிடம் என் வார்த்தை செல்லாது. முத்திரை குத்திய தாள் மட்டும்தான் செல்லும். அந்த முத்திரை தங்கள் மேசையில் இருக்கிறது.

12. நவம்பர் 24 முதல் தோரிசாஷி விற்பதை நானாக நிறுத்தியிருக்கிறேன். இதைத் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்தபோது, தானாக நிறுத்தினால் அதைப் பதிவு செய்ய வழியில்லை என்றார்கள். மறுநாள், 25ஆம் தேதி, திரு. தபாரு தொலைபேசியில் அழைத்தார். மனம் மாறிவிட்டார் என்று எண்ணி ஓடிவந்து எடுத்தேன். அவர் சொன்னது:

“அம்மா, டிசம்பர் 19 எங்க ஆபீஸ் வருஷக் கடைசி விருந்து. ஏழு தட்டு வேணும். டைரக்டர் சாருக்கு உங்க கடைதான் வேணுமாம், வேற கடை ஆகாதாம்.”

ஐயா, என் தட்டின் மீது தங்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்கு நன்றி. அந்த ஏழு தட்டும் வராது. தங்கள் கடிதத்தை நான் படித்த விதம் அன்றோடு மாறிவிட்டது. மூன்று காரணம் எழுதியிருந்தீர்கள், நான்காவதை எழுதவில்லை. தாங்களும் இந்த ஊர்க்காரர். தங்களுக்கும் இந்தத் தட்டை விட்டுவிட மனமில்லை. எனக்கும் இல்லை. ஆனால் நான் கோழி விற்பவள், தாங்கள் சுகாதார இயக்குநர். இருவரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள அரசாங்கம் தனியாக ஓர் அலுவலகம் கட்டியிருக்க வேண்டியதில்லை.

13. ஆகவே கோருவது:

நவம்பர் 21 கடிதத்தைத் திரும்பப் பெற்று, இருவர் பாதிக்கப்பட்ட உணவு நச்சுப் பாதிப்பாக இதைப் பதிவு செய்யவும். என் கடை பச்சைக் கோழி விற்கத் தடை ஆணை பிறப்பித்து, என் பெயரையும் கடையின் பெயரையும் முழுதாக எழுதி, சமூகக் கூடப் பலகையில் ஒட்டவும். நரம்பு மருத்துவரின் கருத்தை மேற்கோள் காட்டி, செவிலியர் இவாகிரி சிஸுரு போட்ட ஊசி காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஊராட்சிக்குத் தங்கள் கையெழுத்தோடு எழுதவும். அவர் ஊரைவிட்டுப் போகும் முன் எழுதவும். தங்கள் படிவத்தில் “கடந்த நான்கு வாரத்தில் வயிறு கெட்டதா, உடன் உண்டவருக்குக் கெட்டதா” என்று இரண்டு கேள்விகளுக்கு இடம் விடவும். முன்கூட்டியே எழுதிய பதிவேட்டுக்காக எனக்கு என்ன தண்டனையோ அதைத் தரவும், திரு. தபாருவுக்கு என்ன தருவது என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

14. இவை அனைத்தும் டிசம்பர் 31க்குள் நடக்க வேண்டும். ஏன் அந்தத் தேதி என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

மசாதோவுக்கு நவம்பர் 28 அன்று மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். நரம்பு மெதுவாக ஒட்டி வளரும், நடக்க ஒரு வருடமாவது ஆகலாம், முழுதாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். புத்தாண்டுக்கு ஓர் இரவு மட்டும் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழாய் இருந்த நாட்களில் நனாஎ எழுத்துப் பலகையைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுவார், வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண் சிமிட்டுவார். வீட்டுக்கு வந்தால் என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் சிமிட்டியிருக்கிறார். நனாஎ அதை ஒரு சீட்டில் எழுதிச் சந்தோஷமாக என் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். “ஹிசாயோ அக்கா தட்டு. தோல் லேசாக.”

டிசம்பர் 31 அன்று அந்தச் சக்கர நாற்காலி என் கடை வழியாகத்தான் வரும். வேறு வழி இல்லை. மசாதோ வாயைத் திறந்து கேட்பார். அக்டோபர் 12 அன்று எனக்கு அவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. 31 அன்றும் தெரியாது என்று பயப்படுகிறேன். அந்த மனிதர் அந்த முகத்தோடு கேட்டால் என் கை தொட்டிப் பக்கம் போய்விடும். தங்கள் ஆணை என் சுவரில் ஒட்டியிருந்தால், அதைக் காட்டி, “சட்டம் விடமாட்டேங்குது தம்பி” என்று சொல்லிவிடுவேன். எனக்கு இல்லாத தைரியத்தை எனக்குக் கொடுங்கள் என்றுதான் இத்தனை பக்கம் எழுதினேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு ஒன்பது நாள் மட்டுமே காத்திருக்கப்போகும்,
அரிமுரா ஹிசாயோ
(ஒப்பமும் முத்திரையும்)

இடம்: இசோதே
நாள்: டிசம்பர் 8

இணைப்பு: நரம்பு மருத்துவரின் கடிதம்; தகெஹிரோவின் வாக்குமூலம்; அக்டோபர் 12 பதிவேட்டுப் பக்கம் (பொய்); நனாஎ கொடுத்த சீட்டு.

நகல்: திருமதி இவாகிரி சிஸுரு. மேலும் சமூகக் கூட அறிவிப்புப் பலகை: இன்று காலை நானே ஒட்டிவிட்டேன், பக்கத்தில் இவ்வருடம் நான் கிழித்த அவருடைய தாளையும் சேர்த்து ஒட்டியிருக்கிறேன்.